ஊற்றாத பால் கெட்டுப்போன கதை

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு எண்களை நிறமாக்கிக் காட்டும் ஒரு ஹீட்மேப் அனுப்பி, "மேடம், நல்லா இருக்கா?" என்று கேட்டிருந்தார். யாரென்று சொல்லமாட்டேன். சாந்தன்பாறையிலிருந்து வந்திருப்பவர் என்று மட்டும் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த உங்கள் நால்வரில் சாந்தன்பாறைக்காரர் ஒருவர்தான் என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

படம் நன்றாகத்தான் இருந்தது. மாம்பழ மஞ்சளில் தொடங்கி மிளகாய்ச் சிவப்பில் முடியும் நிறங்கள். ஓரத்தில் ஊர்ப்பெயர்கள், காலை நேரத்துக் கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் ஆட்கள் தொங்குவது போல ஒன்றின்மேல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தன. "நல்லா இருக்கும்மா" என்று பதில் போட்டேன். சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நால்வரும் படியுங்கள். கல்பாத்தியிலிருந்து வருகிறவர், நீளமான மின்னஞ்சலைப் பார்த்ததும் கடைசிப் பத்திக்குத் தாவும் பழக்கமுள்ளவர் என்று கேள்விப்பட்டேன். அவர் மேலிருந்தே படிக்கவும்.

நம் பால் கம்பெனியில் நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த வேலை ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவுவது. ஓய்வு பெற்றபோது தரவுப் பிரிவு அலுவலர். இடையில் இருந்ததெல்லாம் பதிவேடுகள். ஐம்பத்து மூன்று வயதில் என்னைக் கோயம்புத்தூருக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆர் (R) என்ற கணினி மொழியில் கணக்குப் போடவும் படம் வரையவும் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் கணினியோடு சண்டை போட்டேன். மூன்றாம் நாள் எனக்கும் ஒரு ஹீட்மேப் வந்தது. ஊர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, நாட்கள் இடமிருந்து வலமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். திரும்பி வரும் பஸ்ஸில் வாளையாறு தாண்டும்வரை அந்தத் தாளை மடிக்க மனம் வராமல் கையில் விரித்தே வைத்திருந்தேன். "ஸ்கேன் ரிப்போர்ட்டாம்மா?" என்று கண்டக்டர் பரிவோடு கேட்டார்.

அந்தப் பயிற்சியை நடத்திய பெண் ஒரு விஷயம் சொன்னார். படத்தை யாருக்கும் காட்டும் முன் ஏதாவது ஒரு கட்டத்தில் விரலை வையுங்கள், அந்த எண் பதிவேட்டில் அதே ஊருக்கு, அதே நாளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். நான் அதை நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்டதோடு கடமை முடிந்துவிட்டதென்று நினைத்தேன்.

அடுத்த ஒரு வருடம் கம்பெனியில் என் படம் இல்லாமல் கூட்டம் நடக்கவில்லை. வாகனப் பிரிவு எதையாவது சொன்னால் "ஜமீலாவிடம் படம் இருக்கிறதா?" என்று மேலாளர் கேட்பார். இருக்கும். எனக்கும் அது பிடித்திருந்தது.

அப்போதுதான் அந்த மாதம் வந்தது. தொழிற்சாலையின் பெரிய தொட்டியில் ஒரே மாதத்தில் இரண்டு முறை பால் திரிந்துபோனது. ஒரு தொட்டி திரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். மேலாளர் ஒற்றப்பாலத்துக்காரர், சாதாரணமாகக் குரலே உயர்த்தாதவர். அந்த மாதம் அவர் அறைக் கதவு சாத்தும் சத்தம் மாடி வரை கேட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் கெட்ட பால் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்றார்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே ஐம்பத்திரண்டு ஊர்களிலிருந்து நமக்குப் பால் வந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் சங்கத்தில் ஊற்றுவார்கள், நம் வண்டி கேன்களை எடுத்துவரும். ஆய்வகத்தில் ஒவ்வொரு ஊர்ப் பாலிலும் கொஞ்சம் நீலச் சாயம் விட்டு, அது வெளுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுதுவார்கள். சீக்கிரம் வெளுத்தால் கிருமி அதிகம். நான் செய்யவேண்டியது அந்த நேரங்களை நிறமாக்குவது மட்டும்தான். நெடுநேரம் தாங்கிய பால் வெளிர்மஞ்சள், சட்டென்று வெளுத்த பால் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். படம் அருமையாக வந்தது. சிக்கல் பெயரில். ஓரத்தில் கே ஏழு, கே முப்பத்தொன்று என்று குறியீடுகள்தான் வந்தன. போன கூட்டத்தில் மேலாளர், "இது ஊரா, பஸ் நம்பரா? பெயர் போடக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். சரி என்று ஊர்ப்பெயர்களைத் தமிழில் கொடுத்தேன். வெறும் சதுரப் பெட்டிகளாக வந்தன. மலையாளத்தில் கொடுத்தேன். அதே பெட்டிகள். எழுத்துரு சரியில்லை என்று எனக்குத் தெரியும், எப்படிச் சரிசெய்வது என்று தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். ஹீட்மேப் ஜமீலா இன்னொருவரிடம் போய்ப் படத்தைப் பற்றிக் கேட்பதா?

எனவே ஒரு சாமர்த்தியம் செய்தேன். குறியீடுகளை மறைத்துவிட்டு வெறும் படத்தை எடுத்துக் கூட்டத்துக்கான ஸ்லைடில் வைத்தேன். பதிவேட்டிலிருந்த வரிசைப்படி ஐம்பத்திரண்டு பெயர்களையும் படத்தின் பக்கத்தில் ஒரு பெட்டியில் ஒட்டினேன். எழுத்தைச் சின்னதாக்கி, இடைவெளியை நெருக்கி, ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு வரிசைக்கு நேராக வரும்வரை இழுத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. படத்தின் இடப்பக்கம் மரக்கிளை போலக் கோடுகள் கிளை பிரிந்து நின்றன. அசிங்கமாக இருந்ததால் வெட்டிவிட்டேன்.

உங்களில் இரண்டு பேராவது இப்போது சிரிப்பீர்கள். சிரியுங்கள். மற்ற இருவருக்கும் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக் கூட்டத்தில் படம் திரைக்கு வந்தது. நடுவில் ஒரே ஒரு வரிசை, மாதத்தின் முற்பகுதிக்குப் பிறகு சிவப்பாக எரிந்தது. நேராக இருந்த பெயர் ஆலாம்பதி. (ஊர்ப்பெயர்களை மாற்றியிருக்கிறேன். அங்கே எனக்கு இன்னும் சொந்தக்காரர்களைப் போல ஆட்கள் இருக்கிறார்கள்.) மேலாளர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"நிச்சயமா?" என்றார்.

"படத்திலேயே இருக்கு சார்" என்றேன்.

மேலே வேறொரு ஊருக்கு நேராக மூன்று கட்டங்கள் வெறும் வெள்ளையாக இருந்தன. அது என்ன என்று ஒருவர் கேட்டார். "யாராவது பதிய மறந்திருப்பாங்க" என்று சொன்னேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. தெரியாத கேள்விக்கு இவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல எங்கே கற்றேன் என்று பிறகு யோசித்தேன். பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

வாய்க்கால் தண்ணீர் கலக்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் ஆமோதித்தார். பதினொரு மணிக்குக் கடிதம் தயாரானது. விசாரணை முடியும்வரை ஆலாம்பதியில் பால் எடுப்பதில்லை. என் படத்தையும் கலரில் அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்தார்கள். அன்று மாலை நம் வண்டி ஆலாம்பதியில் நிற்காமல் போனது.

மறுநாள் காலை நான் அலுவலகம் வந்தபோது என் மேசைக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய வயது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மடித்த கடிதம்.

"ஏனுங்க, இந்தப் படம் போட்டது நீங்கதானுங்களா?"

"ஆமா. நீங்க?"

"ஆலாம்பதி சங்கத்துச் செக்ரட்டரிங்க. நாச்சிமுத்துங்க."

கோபமாக வருவார் என்று நினைத்திருந்தேன். கோபமாக வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கடிதத்தைப் பிரித்து, படத்தை என் மேசையில் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார். "எனக்கு இது புரியலீங்க. சித்த சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். நிறம் என்றால் என்ன, அளவு என்றால் என்ன, சாயம் ஏன் வெளுக்கிறது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, விரல்களை எல்லாம் விரித்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அதாவதுங்க, நெடுக்க ஊரு, குறுக்க நாளு. மஞ்சளா இருந்தா நல்ல பாலு, செகப்பா இருந்தா கெட்ட பாலு. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆலாம்பதிக்கு நேரான வரிசையில் விரலை வைத்தார். கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டே போனார். பதினாறில் நின்றார்.

"இந்தப் பதினாறு, பதினேழு, பதினெட்டு. இந்த மூணும் எங்க பாலுங்களா?"

"ஆமா. அதுவும் சிவப்புதான் பாருங்க."

"அந்த மூணு நாளும் எங்கூர்ல மாரியாத்தா நோம்பிங்க. நோம்பி முடியற வரைக்கும் ஊர்ப் பாலு எல்லை தாண்டாதுங்க. ஒரு சொட்டு ஊத்தல. உங்க வண்டிக்காரரையே கேட்டுப் பாருங்க." கண்ணாடியைக் கழற்றினார். "ஊத்தாத பாலு எப்படிங்க கெட்டுப்போச்சு?"

நான் உடனே சொன்னது என்ன தெரியுமா? "பதிவேட்டுல தப்பா ஏத்தியிருப்பாங்க" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"இருக்கலாமுங்க" என்றார் அவர். "எடுத்துத்தான் பாருங்களேன்."

எடுத்தேன். ஆலாம்பதிக்குப் பதினாறு, பதினேழு, பதினெட்டு மூன்று நாளும் காலி. பால் வரவில்லை என்று ஆய்வகப் பெண் கோடு போட்டு வைத்திருந்தாள். அப்படியானால் படத்தில் ஆலாம்பதிக்கு மூன்று வெள்ளைக் கட்டங்கள் இருந்தாக வேண்டும். வெள்ளைக் கட்டங்கள் இருந்தன. வேறு ஊருக்கு நேராக இருந்தன. யாரோ பதிய மறந்துவிட்டதாக நான் கூட்டத்தில் சொன்ன அதே மூன்று கட்டங்கள்.

இப்போது அந்த மற்ற இருவருக்காக. நான் பயன்படுத்திய கட்டளை, வரிசைகளைக் கொடுத்தபடியே வரைவதில்லை. ஒன்றுபோல் இருக்கும் ஊர்களை அடுத்தடுத்து வருமாறு தானே இடம் மாற்றிவிடும். மாற்றியிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாகத்தான் இடப்பக்கம் அந்த மரக்கிளைக் கோடுகளைப் போடுகிறது. பெயர்களைக் கட்டளையிடமே கொடுத்திருந்தால் பெயர்களும் கூடவே இடம் மாறியிருக்கும். நான் பெயர்களைக் கையால் ஒட்டினேன், அடையாளத்தை வெட்டினேன். ஐம்பத்திரண்டு ஊர்களும் எழுந்து வேறு நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்ட பிறகு, நான் பழைய வரிசைப்படி பெயர் அட்டைகளைக் குத்தியிருந்தேன்.

நாச்சிமுத்து காத்திருந்தார். "சரிங்க, விசாரிச்சுச் சொல்றோம்" என்று அவரை அனுப்பிவிடலாம் என்ற யோசனை எனக்கு வந்தது. இரண்டு நாளில் "விசாரணையில் குறை எதுவும் இல்லை" என்று இன்னொரு கடிதம் போனால் முடிந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. ஆசைப்பட்டேன். ஐந்து நிமிடமாவது ஆசைப்பட்டிருப்பேன்.

"நேத்து சாயங்காலம் பாலை என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். வேறு எதையாவது பேசவேண்டுமே என்று கேட்டதுதான்.

"பாதியத் தயிருக்குத் தோச்சாங்க. பாதிய டீக்கடைக்குக் கொண்டு போனாங்க. டீக்கடைக்காரன் வேணாம்னுட்டான். வாய்க்காத் தண்ணின்னு அதுக்குள்ள சேதி போயிருச்சுங்க." துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பாலு போனாப் போவுதுங்க. ஆரு கலக்குனதுன்னு ஊடு ஊடாச் சண்டை. ரெண்டு மாடு வெச்சிருக்கற பொம்பளை ஒருத்தி, அவதான்னு எல்லாருஞ் சொல்ல, அவ அழுதுக்கிட்டே கேனைத் தூக்கிட்டுப் போறா பாருங்க. நான் செக்ரட்டரி, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் வந்தனுங்க."

அதற்கு மேல் ஆசை நிற்கவில்லை.

"தப்பு உங்க ஊருல இல்லைங்க. என் படத்துல. பேரை மாத்தி ஒட்டிட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "பேரு மட்டுந்தானுங்களா மாறிப்போச்சு?" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லை எந்த அழுத்தமும் இல்லாமல்தான் சொன்னார். எனக்கு இன்றுவரை அது காதில் இருக்கிறது.

பிறகு எழுந்தார். "கடுதாசி போட்டுருவீங்க, வண்டி வந்துரும். அது சரிங்க. ஆனா நீங்க ஒருக்கா வந்து எங்க ஆளுங்ககிட்டச் சொல்லோணும். நாஞ் சொன்னா, செக்ரட்டரி கம்பெனியில பேசி அமுக்கிட்டான்னுவாங்க."

வருகிறேன் என்றேன். அவர் போனதும் அந்தச் சிவப்பு வரிசையின் எண்கள் எந்த ஊருடையவை என்று பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, மேலாளர் அறைக்குப் போனேன். போகும் வழியில் மூன்று விதமாகப் பேச்சைத் தயார்செய்தேன். ஒன்றில் மென்பொருள் குற்றவாளி, ஒன்றில் எழுத்துரு குற்றவாளி, ஒன்றில் மேலாளரே குற்றவாளி, பெயர் போடச் சொன்னது அவர்தானே. உள்ளே போனதும் மூன்றும் மறந்துவிட்டன. நடந்ததைச் சொன்னேன்.

அவர் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு, "அப்படியானால் அந்தச் சிவப்பு யாருடையது?" என்றார்.

"ஓடையம்பாறை."

"இந்தத் தடவை நிச்சயமா?"

"பெயர் நிச்சயம் சார். பத்துக் கட்டத்தைப் பதிவேட்டோடு வெச்சுப் பார்த்துட்டேன்."

"சரி. ஆலாம்பதிக்கு உடனே ரத்துக் கடிதம். அதே நிறுத்தக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி ஓடையம்பாறைக்கு அனுப்பச் சொல்லுங்கள்."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் இடம். என் தவறு அம்பலமாகிவிட்டது, மன்னிப்பும் கிடைத்துவிட்ட மாதிரி. தலையாட்டிவிட்டு வெளியே வந்தால் மதியச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடலாம். தொட்டி மூன்றாவது முறை திரிந்தால் மேலாளருடைய வேலைக்கே ஆபத்து. அது எனக்கும் தெரியும்.

"சார், நேத்தும் எனக்கு இதே அளவு நிச்சயமாத்தான் இருந்தது" என்றேன். "அதான் பயமா இருக்கு. ஒரு நாள் கொடுங்க. நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"நீங்கள் போய் என்ன பார்ப்பீர்கள்? நீங்கள் ஆய்வகமா, போலீஸா?"

"தெரியலை சார்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். அல்லது என்னிடமிருந்து அந்த வார்த்தையை அவர் முதல் முறையாகக் கேட்டிருக்க வேண்டும். "ஒரு நாள். ஓடையம்பாறைப் பாலைத் தொட்டியில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்" என்றார்.

அன்று மாலை படத்தைச் சரியான பெயர்களோடு மறுபடி வரைந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவரை எந்த ஊர் சிவப்பு என்று மட்டுமே பார்த்திருந்தேன். எந்த நாளிலிருந்து சிவப்பு என்று பார்க்கவே இல்லை. ஓடையம்பாறை மாதத்தின் பதினோராம் தேதிவரை வெளிர்மஞ்சள். பன்னிரண்டிலிருந்து சிவப்பு. நடுவில் ஆரஞ்சுகூட இல்லை, சுவிட்சைத் தட்டியதுபோல. ஒரு ஊர் முழுக்க ஒரே நாளில் கெட்டவர்களாக மாற வேண்டுமென்றால் அதற்குக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதை ஒட்டி இரண்டு மூன்று ஊர்களும் அதே பன்னிரண்டாம் தேதியிலிருந்து லேசாக நிறம் ஏறியிருந்தன.

மறுநாள் விடிவதற்குள் நம் பால் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுநர் வேலந்தாவளத்துப் பக்கத்துக்காரர், வண்டியை அன்று எனக்காக மெதுவாக ஓட்டினார். முதல் நிறுத்தமே ஓடையம்பாறை. அங்கே இறங்கிப் பார்த்தேன். சங்கத்தின் தரை கழுவி ஈரமாக இருந்தது. கேன்கள் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்திருந்தன. பால் ஊற்ற வந்த பெண்கள் என்னைப் பார்த்து, புது டாக்டரம்மாவா என்று கேட்டார்கள். குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

கேன்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். வெயில் ஏறியது. ஏழரை மணிக்கும் நாங்கள் ஊர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"எப்பவுமே ஓடையம்பாறையிலதான் முதல்ல ஏத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங் மேடம். முன்னெல்லாம் அதான் கடைசிங்க. ஏத்துனா இருவது நிமிசத்துல கம்பெனி. ஓடைப் பாலம் இடிஞ்சு உக்காந்துருச்சுல்லங்க, அதுலருந்து அந்தப்பக்கமாச் சுத்தி வாரோம். இப்ப அது மொதலாப் போச்சு. மூணு மணி நேரம் பாலு வண்டியிலயே கெடக்குதுங்க."

"பாலம் என்னிக்கு உட்கார்ந்துச்சு?"

அவர் கியரை மாற்றிக்கொண்டே யோசித்தார். "பன்னெண்டாந் தேதி மேடம். அன்னிக்கு என்ற மச்சான் ஊட்டுல விசேசம். நான் போகவே முடியல."

கம்பெனியில் இறங்கியதும் ஓடையம்பாறைக் கேனைத் தொட்டுப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்பக்கம், தகரக் கூரைக்கு நேர்கீழே இருந்த கேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது. வெப்பமானியை வைத்து எழுதிக்கொண்டேன்.

பாதை மாற்றிய உத்தரவு வாகனப் பிரிவில் ஒரு கோப்பில் இருந்தது. வாகனப் பிரிவுக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். அவர்கள் தும்மினால் எனக்குக் கேட்கும். பாலம் உட்கார்ந்தது எனக்குத் தெரியவில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். இந்த முறை பேச்சு எதுவும் தயார்செய்யவில்லை. படத்தில் பன்னிரண்டாம் தேதிக்கு நேராக ஒரு கோடு போட்டிருந்தேன். கோட்டுக்கு மேலே 'வண்டிப் பாதை மாற்றம்' என்று தமிழில் எழுதியிருந்தது. எழுத்து எழுத்தாகவே வந்திருந்தது. முந்தின நாள் மாலை ஆய்வகத்துப் பெண்ணிடம் போய்க் கேட்டேன், அவள் பத்து நிமிடத்தில் எழுத்துருவைச் சரிசெய்து கொடுத்தாள். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் அறுபது வீட்டுப் பாலை நிறுத்தினேன்.

"அப்படியானால் கெட்டுப்போனது நம் வண்டியில்" என்றார் மேலாளர்.

"ஆமா சார்."

"நிறுத்தக் கடிதத்தை யாருக்கு அனுப்புவது?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான். அடுத்த நாளிலிருந்து ஓடையம்பாறைக்குத் தனியாக ஒரு சின்ன வண்டி போனது. நான்காம் நாள் அந்த ஊருக்கு மஞ்சள் திரும்பியது. தொட்டி பிறகு திரியவில்லை.

மிச்சமிருந்தது ஆலாம்பதி. தொலைபேசியில் நாச்சிமுத்து, "எல்லாருக்குந் தெரியறாப்ல பெருசாக் கொண்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். சரியான படத்தை ஃபிளெக்ஸில் அடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் கட்டம் கட்டமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பிறந்தநாள்? போட்டோ எங்கே வைக்கணும்?" என்றார். போட்டோ வேண்டாம் என்று நம்பவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் ஊற்றும் நேரத்தில் போனேன். நாற்பது ஐம்பது பேர் கேனும் தூக்குவாளியுமாக நின்றார்கள். சங்கத்துச் சுவரில் ஃபிளெக்ஸைக் கட்டினார்கள். நான் பேசினேன். ஊர்ப்பெயரைத் தவறான இடத்தில் ஒட்டியது நான்தான், உங்கள் பாலில் எந்தக் குறையும் இல்லை, அன்று சாயங்காலம் வண்டி நிற்காமல் போனதற்கு நான் காரணம், மன்னிக்க வேண்டும் என்றேன். யாரும் கைதட்டவில்லை, யாரும் திட்டவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் கேனைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாட்டுக்காரி அவள்தான் என்று நாச்சிமுத்து கண்ணால் காட்டினார். பேசி முடித்ததும் நான் அவளிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன் அவள் ஃபிளெக்ஸைக் காட்டிக் கேட்டாள்:

"இதுல எங்கூரு எதுங்க?"

காட்டினேன். மாதம் முழுக்க வெளிர்மஞ்சள், நடுவில் நோம்பிக்கு மூன்று வெள்ளை.

"இதுல எம் மாட்டுப் பாலு எதுங்க?"

"அது தனியாத் தெரியாதும்மா. ஊர்ப் பால் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒரு கட்டம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அப்ப தண்ணி ஊத்தறவங்களும் நானும் ஒரே கலருங்களா?" என்றாள்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். எல்லோரும், சொல்லி வைத்ததுபோல, ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

நானும் திரும்பினேன். அங்கே நாச்சிமுத்து, தன் வீட்டிலிருந்து வந்த தூக்குவாளியின் முன்னால் குனிந்து, பாலில் தண்ணீர் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் பால்மானியைக் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் வைத்து, இதுவரை பார்த்திராத ஒரு பொருளைப் பார்ப்பதுபோலக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.